தொட்டியில் படிந்த மாவு

1943-க்கு முன்பு சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி செய்து விற்றவர்கள் இல்லை. கடையில் ஜவ்வரிசி இருந்தது. பாயசத்துக்கும் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கவும் வாங்கிப்போனார்கள். அது மலாயாவிலிருந்தும் ஜாவா பக்கத்திலிருந்தும் கப்பலேறி வந்த சரக்கு. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போயின. அந்தக் கப்பல்கள் நின்றன. அதே மார்ச்சில் ரங்கூன் விழுந்து பர்மா அரிசியும் நின்றது. சேகோ என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊர் ஜவ்வரிசித் தொழில் அந்த நெருக்கடியில் பிறந்தது.

நான் ஆத்தூர்ப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். என் அம்மா சேகோ ஃபேக்டரியில் கிழங்கு உரித்தவர். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலருடைய அம்மாக்களும் அதே வேலைதான். பாடப்புத்தகத்தில் கார்போஹைட்ரேட் என்ற பாடம் வரும்போதெல்லாம் குளுக்கோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் என்று வரிசையாகப் பெயர்கள் வரும், படம் வரும், மதிப்பெண் வரும். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் காய்கிற மாவைப் பற்றி ஒரு வரி வராது. இந்தத் தொழிலின் வரலாற்றைத் தனியாகவும் மாவுச்சத்தின் அமைப்பைத் தனியாகவும் சொல்லவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஜவ்வரிசிக்கு மாவு தரும் மரவள்ளிச் செடி தன் பிழைப்புக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு எழும்பிய தொழில் இது.

செடி நம்முடையது அல்ல. தென் அமெரிக்காவில், பிரேசில் பக்கத்தில் விளைந்தது. போர்ச்சுகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை ஏழைகளின் உணவாகப் பரப்ப முனைந்தவர். பர்மா அரிசி நின்ற நாட்களில் திருவிதாங்கூரின் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் கப்பைக்கிழங்குதான். எங்கள் பக்கம் இதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும். கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலைச் சரிவுகளிலும், கீழே தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வரைக்கும் இன்று இது பரவியிருக்கிறது. மழை ஏமாற்றினாலும் முழுதாக ஏமாற்றாத பயிர்.

சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற மீன் வணிகர் இருந்தார். வியாபாரத்துக்காகக் கேரளப் பக்கம் அடிக்கடி போய்வருவார். போரினால் அமெரிக்கச் சோளமாவு கிடைக்காமல் போனபோது அதற்குப் பதிலாக மரவள்ளி மாவை விற்று அவர் பெயர் எடுத்தார். அந்தச் சமயத்தில் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தவர் போபட்லால் ஜி. ஷா. கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டும் முறை அவருக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து 1943-ல் தொடங்கினார்கள். எந்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிழங்கை இடித்து, பாலை வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் நின்ற மாவைத் துணியில் போட்டு ஆட்டி உருட்டி, வாணலியில் வறுத்தார்கள். பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் அரவைக்கும் பிற வேலைக்கும் எந்திரங்களை ஒவ்வொன்றாகத் திருத்தியமைத்தார். முதல் இருவரைப் பற்றிப் பேசுகிற ஊர் இந்த மூன்றாமவரைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கிழங்கின் செல்லை நன்றாகக் கிழிக்காவிட்டால் மாவு வெளியே வராது. வெட்டிய துண்டிலிருந்து எவ்வளவு மாவு பிரியும் என்பதை முடிவு செய்வது அரவைப் பற்கள்தான்.

1944-ல் உணவுப் பஞ்சம் கடுமையானபோது, கிழங்கு சாப்பாட்டுப் பொருள், அதை மாவாக்கி வெளியூருக்கு விற்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி, உணவு வழங்கல் ஆணையர் வரை போய் முறையிட்டுத் தடையை நீக்கினார்கள். பசித்த ஊரில் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாமா என்று அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிழங்கிலேயே இருந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய 2 நாளுக்குள் உள்ளே நீலக் கருப்பு நரம்புகள் ஓடி வீணாகும். உருளைக்கிழங்கைப்போல மூட்டையில் வைத்திருக்க முடியாது. உருளைக்கு முளைவிட வேண்டிய வேலை இருக்கிறது. அதற்காக அது உறங்கிக் காத்திருக்கும். மரவள்ளிக் கிழங்குக்கு அந்த வேலை இல்லை. இனம் பெருக்குவது குச்சி. கிழங்கு சேமிப்புக்கு மட்டும். செடியிலிருந்து பிரித்துவிட்டால் அதைக் காக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் மாவைப் பிரித்துக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. பிடுங்கியபின் கிழங்காகவே தங்கியிருந்தால் அதில் பெரும்பகுதி அழுகியிருக்கும்.

சேமிப்பு என்றேன். அதை விளக்க வேண்டும். இலை வெயிலில் குளுக்கோஸ் செய்கிறது. அதை அப்படியே அனுப்பாமல், குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் சேர்ந்த சுக்ரோஸாக, நம் வீட்டுச் சர்க்கரையாக, தண்டு வழியே கீழே இறக்குகிறது. வேரில் போய்ச் சேர்ந்ததும் அது மறுபடி பிரிந்து, குளுக்கோஸ் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாவுச்சத்தாகிறது. ஏன் இந்தச் சிரமம்? சர்க்கரையாகவே வைத்துக்கொண்டால் ஆகாதா? ஆகாது. கரைந்த சர்க்கரை தண்ணீரை இழுக்கும். ஒரு கிழங்கு தன் எடையில் கால் பங்கைச் சர்க்கரைக் கரைசலாக வைத்திருந்தால் செல்கள் நீரை உறிஞ்சி உள்ளே அழுத்தம் மிகவும் ஏறும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸை ஒரே மூலக்கூறாகக் கோத்து, கரையாத சிறுமணியாகக் கட்டி வைத்தால் அந்த இழுப்பு ஏறக்குறைய இல்லாமலாகிறது. செடி இடத்தை மிச்சப்படுத்தியது; உயிரையும் காத்துக்கொண்டது. கரையாத அந்தக் குணத்தால்தான் ஃபேக்டரித் தொட்டியில் மாவு அடியில் போய்ப் படிகிறது. கரைகிற பொருளாக இருந்திருந்தால் கிழங்குப் பாலை எத்தனை நாள் தெளியவிட்டாலும் ஒன்றும் நின்றிருக்காது. சேலத்தில் இந்தத் தொழிலும் நின்றிருக்காது.

மாவுச்சத்தின் அங்கம் குளுக்கோஸ் மட்டும்தான். ஆறு கார்பன் கொண்ட அந்தச் சர்க்கரையின் வடிவத்தை ஜெர்மனியில் எமில் ஃபிஷர் 1891-ல் உறுதிசெய்தார். அதே ஆறு கார்பனும் அதே ஆல்டிஹைடு முனையும் கொண்ட சர்க்கரைகள் 16 இருக்க முடியும். இயற்கை அதிகம் கையாளுவது அவற்றில் இந்த ஒன்றை. தனிச் சர்க்கரை, இரட்டைச் சர்க்கரை, பலபடிச் சர்க்கரை என்ற பிரிவுகளெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. பழத்தில் ஃபிரக்டோஸ், பாலில் லாக்டோஸ், முளைகட்டிய தானியத்தில் மால்ட்டோஸ் என்று பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அவர்கள் தடுமாறும் இடம் பிணைப்பு. மாவுச்சத்தில் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனோடு ஆல்ஃபா முறையில் இணைகிறது. நீண்டு போகும் இந்தச் சங்கிலி அமிலோஸ். வழியில் 25, 30 குளுக்கோஸுக்கு ஒருமுறை ஆறாம் கார்பனிலிருந்து கிளை பிரிந்தால் அது அமிலோபெக்டின். மரவள்ளி மாவில் அமிலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதியெல்லாம் கிளைவிட்ட அமிலோபெக்டின். சமைத்தால் ஜவ்வரிசி கண்ணாடிபோலத் தெளிந்து வழவழப்பாக இருப்பதற்கு இந்த விகிதம் பெரிய காரணம்.

தொட்டிக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த இடம் அது. பால் தொட்டியில் ஓரிரவு நிற்கும். மாவுமணியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. எனவே அது கீழே போகும். நாரும் புரதமும் மஞ்சள் அழுக்கும் மேலே மெல்லிய படலமாகத் தங்கும். காலையில் நீரை வடித்து, மேல்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடியில் வெள்ளைப் பாளம். அதில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் இறங்காது. மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் கட்டி, விரலைத் தளர்த்தினால் ஒழுகும். மணிகளுக்கிடையே நீர் விலக நேரம் கொடுத்தால் வழிவிடும், கொடுக்காவிட்டால் மணிகள் நெருங்கி முட்டிக்கொள்ளும் என்று நான் பிற்காலத்தில் படித்தேன். அம்மா அதைச் சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். “அவசரப்பட்டா எறங்காது புள்ள. அமுத்தி வுடு, தானா எறங்கும்” என்று. பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் இதே நடத்தையை அளந்து எழுதியிருக்கிறார்கள். தொட்டியில் இறங்கி நின்றவர்களுக்கு அது உடம்பறிவு.

தொட்டியில் அதிக நேரம் நின்றுவிட்டால் வேறு வேலை தொடங்கும். தண்ணீரிலுள்ள நுண்ணுயிரிகள் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் உண்டாக்கும். ஆத்தூர் சாலையில் சீசன் காலத்தில் பஸ் ஜன்னலுக்குள் ஏறும் அந்தப் புளித்த வாடை இதுதான். மாவின் நிறமும் மங்கும். கிழங்கு வந்த அன்றே அரைத்து, சுத்தமான தண்ணீரில் தெளியவைத்து, மறுநாள் வெயிலில் போட்டால் மாவு தானாகவே வெளுப்பாக இருக்கும். நல்ல தண்ணீரும் நீண்ட வெயிலும் சேலத்துக்கு வாய்த்ததால்தான் தொழில் இங்கே நிலைத்தது. தண்ணீர் குறைந்த வருடங்களில் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஈர மாவைப் பாதி உலர்த்தி, உதிர்த்து, ஆட்டினால் உருண்டையாகும். ஆரம்பத்தில் துணியை இருவர் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். பிறகு அதற்கும் எந்திரம் வந்தது. சல்லடையில் அளவு பிரித்து, தேங்காயெண்ணெய் தடவிய சூடான தகட்டில் போட்டுப் புரட்டும்போதுதான் மாவு ஜவ்வரிசி ஆகிறது. 60 டிகிரிக்கு மேல் ஈர மாவுமணி தண்ணீரைக் குடித்து வீங்கும்; உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த அமிலோபெக்டின் கிளைகள் குலையும்; அமிலோஸ் வெளியே கசியும். கூழாகிற வேலை இது. தகட்டில் இது உருண்டையின் மேல்தோலில் மட்டும் நடக்கும். அந்தத் தோல் காய்ந்து இறுகி உருண்டையைக் கட்டிக்காக்கும். நடுவில் பச்சை மாவு அப்படியே இருக்கும். வீட்டில் பாயசம் கிண்டும்போது ஜவ்வரிசி ஓரமெல்லாம் தெளிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்பதைப் பார்த்து ‘இன்னும் வேகல’ என்கிறோமே, அந்தப் புள்ளிதான் தகட்டின் சூடு எட்டாத பச்சை மாவு. வறுவலில் சூடு குறைந்தால் தோல் உருவாகாமல் உருண்டை கொதிநீரில் கரைந்து கஞ்சியாகும். கூடினால் கருகும். முழுவதும் ஆவியில் வேகவைத்துக் காயவிடுவது நைலான் ஜவ்வரிசி. அது வேறு சரக்கு.

கிழங்கில் மாவு மட்டும் இல்லை, விஷமும் இருக்கிறது. அதற்கும் சர்க்கரைதான் உறை. லினமரின் என்ற பொருள், குளுக்கோஸோடு கட்டிவைத்த சயனைடு. இலையிலும் தோலிலும் அதிகம், சதையில் குறைவு. செல் முழுதாக இருக்கும்வரை ஆபத்தில்லை. ஒரு பூச்சியோ ஆடோ கடித்துச் செல் உடைந்தால், தனி அறையில் இருந்த நொதி வந்து குளுக்கோஸைக் கழற்றிவிடும், விஷம் விடுதலையாகும். ஓட முடியாத செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. கார்போஹைட்ரேட் என்றாலே சத்து, சக்தி என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம். ஃபேக்டரியில் அரவைப் பற்கள் செல்லையெல்லாம் கிழிப்பதால் சயனைடு நீரில் கரைந்தும் காற்றில் பறந்தும் போகிறது. தெளிந்து காய்ந்த மாவில் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. ஆனால் வடித்த நீரில் இருக்கிறது. கிழங்குத் தழையைத் தின்றும் கழிவுநீரைக் குடித்தும் ஆடு மாடு செத்த கதை எங்கள் பக்கத்து ஊர்கள் அத்தனைக்கும் தெரியும்.

உரிக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கீறல், ஒரு திருகல், தோல் கழன்று விழும். விஷம் மிகுந்த பகுதியை முதலில் பிரித்தெடுப்பது அவர்கள் கைகள்தான். எத்தனையோ வேலைகளுக்கு எந்திரம் வந்த பிறகும் இதற்குக் கத்திதான் நீண்டகாலம் ஈடு கொடுத்தது, ஏனென்றால் எந்த இரண்டு கிழங்கும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. கூலி எடைக்கு. உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பும் முதுகும் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் விரலிடுக்கு வெந்துபோகும். 1943-ன் கதையைச் சொல்பவர்கள் செட்டியாரையும் ஷாவையும் சொல்வது சரிதான். இந்தக் கொட்டகையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

மாவு வடிந்தபின் மிஞ்சும் சக்கை திப்பி. அதில் செல்லுலோஸும், வெளியே வராமல் சிக்கிக்கொண்ட மாவும் இருக்கும். செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனதுதான். அதே முதல் கார்பன், அதே நான்காம் கார்பன். பிணைப்பு மட்டும் பீட்டா முறை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பி நிற்கும். அந்த ஒரு மாற்றத்தால் சங்கிலி சுருளாமல் நேராகி, பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டி இறுகி, நாராகிறது. நம் குடலில் இதை வெட்டும் நொதி இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. ஆனால் அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது. ஆகவே காய்ந்த திப்பி தீவனத்துக்குப் போகிறது. களத்தில் ஒரு பக்கம் மனிதருக்கு, மறுபக்கம் மாட்டுக்கு என்று ஒரே குளுக்கோஸ் இரண்டாகப் பிரிந்து காய்வதை என் மாணவர்களுக்கு நேரில் காட்டியிருக்கிறேன். கழிவுநீர் திருமணிமுத்தாற்றிலும் ஓடைகளிலும் கலந்தது இந்தத் தொழிலின் பெரிய பழி. பிற்காலத்தில் பல ஆலைகள் அந்த நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு எடுத்து, அதிலேயே எந்திரம் ஓட்டப் பழகின. அது முன்பே நடந்திருக்க வேண்டும்.

அயோடின் சோதனை தெரியாத பள்ளிக்கூடம் இல்லை. ஸ்டார்ச்சோடு அயோடின் சேர்ந்தால் நீலம் வரும் என்பது 1814 முதல் தெரியும். ஏன் வருகிறது என்பதைச் சொல்ல நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அமிலோஸ் சங்கிலி ஒரு சுற்றுக்கு 6 குளுக்கோஸாகச் சுருளும். அந்தச் சுருளின் நடுக்குழலில் அயோடின் வரிசையாகப் போய் உட்காரும்போது நிறம் பிறக்கிறது. குளுக்கோஸும் குளுக்கோஸும் இணையும் இடத்தில் எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1960-களில் கணக்கிட்டவர்களில் ஒரு குழு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஜி.என். ராமச்சந்திரன், வி.எஸ்.ஆர். ராவ், சி. ராமகிருஷ்ணன், பி.ஆர். சுந்தரராஜன். புரதத்துக்கு ராமச்சந்திரன் வரைந்த வரைபடத்தை உலகமே அறியும். அதே வழியில் அமிலோஸையும் செல்லுலோஸையும் அவர்கள் ஆராய்ந்தது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. தொட்டியும் களமும் சேலத்தில். அந்த மாவின் சங்கிலி எப்படி வளையும் என்ற கணக்கு சென்னையில். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துச் சொன்னால் ஆத்தூர்ப் பிள்ளை நிமிர்ந்து உட்காருவான்.

ஜவ்வரிசியைத் தின்னும் ஊர்கள் தொலைவில் இருக்கின்றன. சேலத்துச் சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் என்று வடக்கே போகிறது. அங்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் தானியம் விலக்கி விரதம் இருப்பவர்கள் சாபுதானா கிச்சடி உண்பார்கள். விரதத்துக்கு இது பொருத்தம்தான். வாயில் உமிழ்நீர் நொதியும் பிறகு கணைய நொதியும் ஆல்ஃபா பிணைப்பை விரைவாக வெட்ட, குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறிவிடும். மூளை ஒன்றே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். மிச்சத்தை உடம்பு கிளைகோஜனாகக் கட்டி ஈரலிலும் தசையிலும் வைக்கும். அது அமிலோபெக்டினைவிட நெருக்கமாகக் கிளைவிட்டது. முனைகள் அதிகம் என்பதால் வேண்டியபோது பல இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வெட்டி எடுக்கலாம். ஓடுகிற உயிருக்கு அது தேவை. நிற்கிற செடிக்குத் தேவையில்லை. ஆனால் ஜவ்வரிசியில் மாவைத் தவிர வேறு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 100 கிராமில் 85-க்கு மேல் கார்போஹைட்ரேட், புரதம் ஒரு கிராமுக்கும் கீழே. கிச்சடியில் வேர்க்கடலை போடுவதும் நம் வீட்டுப் பாயசத்தில் பால் ஊற்றுவதும் அந்தக் குறையை ஈடு செய்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு இதை ‘இலேசான ஆகாரம்’ என்று கொடுப்பது எனக்குக் கவலை தருகிறது.

1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதற்குமுன் சிறு ஆலைக்காரர் வியாபாரிகளிடம் கடன் வாங்கி, அவர்கள் சொன்ன விலைக்கே மூட்டையைக் கொடுத்தார். சங்கம் சரக்கைக் கிடங்கில் வாங்கி வைத்து, அதன்மேல் முன்பணம் கொடுத்து, மாதிரி காட்டி டெண்டரில் விற்றது. தொழிலுக்கு முதுகெலும்பு கிடைத்தது. கூடவே ஒரு கேடும் வளர்ந்தது. டெண்டர் மேசையில் மாதிரியைப் பார்ப்பவர் கண்ணால் பார்க்கிறார். கண்ணுக்கு வெள்ளை உயர்வாகத் தெரிகிறது. தண்ணீர் கெட்ட வருடத்தில், தெளியவைக்க நேரமில்லாத ஆலையில், மங்கிய மாவை வெளுக்க ரசாயனம் ஊற்றும் பழக்கம் நுழைந்தது. கிழங்கு விலை ஏறும்போது மக்காச்சோள மாவைக் கலப்பதும் நடந்தது. அதிகாரிகள் சோதனை செய்து மூட்டைகளைக் கைப்பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. மாவுமணிக்கு இயல்பான நிறம் லேசாக மங்கிய வெள்ளை. பளீரென்ற வெளுப்பைத் தரம் என்று நினைத்தது வாங்குபவரின் பிழை. அதற்கு வளைந்துகொடுத்தது நம்மவர் பிழை.

மக்காச்சோள மாவு கலந்ததை அயோடின் காட்டிக்கொடுக்காது. இரண்டும் ஸ்டார்ச், இரண்டும் நீலம். நுண்ணோக்கி காட்டும். மரவள்ளி மணி உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிவிட்டாற்போல் தட்டையாக இருக்கும். மக்காச்சோள மணி பலமுனைகளோடு கோணமாக இருக்கும். பள்ளி நுண்ணோக்கியே போதும். என் மாணவிகள் கடையில் வாங்கிய பொட்டலத்தை ஊறவைத்து, நசுக்கி, கண்ணாடித் தகட்டில் தடவி, எது எது என்று பிரித்துச் சொல்வார்கள். கிழங்கு உரிப்பவரின் மகளுக்கு அந்தத் திறமை வருவதைப் பார்ப்பதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் வகுப்பறையில் கிடைத்ததில்லை.

2020-க்குப் பிறகு புதிதாக ஒரு அடி விழுந்தது. ஆப்பிரிக்காவை முன்பு வாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி கேரளம் வழியாக நாமக்கல், சேலம் வயல்களுக்குள் வந்து குருத்தைச் சுருட்டியது. இலை போனால் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாவிட்டால் கிழங்கு வெறும் நார். ஆப்பிரிக்காவில் இதை அடக்கிய அனாகிரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அது பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. மருந்தடித்துக் களைத்த விவசாயிகளுக்கு அது மெய்யான உதவி.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 80 ஆண்டுத் தொழிலுக்குச் சட்டப்படி ஓர் அடையாளம். நான் மகிழ்ந்தேன். ஆனாலும் அந்த அடையாளம் வயல்வரைக்கும் போய்ச்சேர ஒரு காரியம் மீதி இருக்கிறது. எங்கள் பக்கம் கிழங்கு விலையை எடையோடு சேர்த்துப் பாயிண்ட்டில் பேசுவார்கள். 28 பாயிண்ட் கிழங்கு என்றால் மாவு அதிகம், விலை அதிகம். கிழங்கைக் காற்றிலும் நீருக்குள்ளும் நிறுத்து, நீரைவிட அது எவ்வளவு கனம் என்று பார்த்தால் மாவின் அளவை மதிப்பிடலாம். மாவுமணியின் அடர்த்திதான் இதற்கும் அடிப்படை. விவசாயிகளின் பழைய குறை, அளப்பவர் ஆலைக்காரர் என்பது. லாரி உள்ளே போகிறது, பாயிண்ட் வெளியே வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பிடுங்கிய கிழங்கு 2 நாளில் கெட்டுவிடும் என்பதால் லாரியைத் திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று கிழங்கு வந்து இறங்கும் ஊர்களில் அரசோ சேகோசர்வோ பொதுவான நீர்த்தராசு வைத்து, விவசாயியின் கண்ணெதிரில் நிறுத்து, சீட்டெழுதிக் கொடுக்க வேண்டும். தராசை இயக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.